நடந்து பார்க்காத மூலை

மதியச் சாப்பாடு முடிந்து மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிற நேரத்தில், திரையில் இருக்கிற நிறங்கள் அசையத் தொடங்கும் என்று அவள் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தூக்கக் கலக்கம் என்பார்கள். கொஞ்சம் தூக்கக் கலக்கமும் உண்டுதான், அதை அவளே மறுக்கமாட்டாள். ஆனால் மஞ்சள் மணற்பாறை மெல்லச் சரிந்து ஆற்றோரம் தேங்குவதும், சிவப்புக் கருங்கல் மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல் உப்புவதும், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய கடல் நீலமாகப் புரண்டு படுப்பதும் அவள் கண்ணுக்கு நிஜமாகவே தெரிந்தன. பக்கத்து மேசைக்காரர் தும்மினால் எல்லாம் திரும்ப அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவளும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

அலுவலகத்தில் அவளுக்குத் தையலம்மா என்று பெயர். ஊசி நூல் பிடிக்கிற வேலை இல்லை, பாறைப் படங்களை ஒன்றோடொன்று ஒட்டுகிற வேலை. எந்த இடத்தில் மண்ணுக்கு அடியில் என்ன பாறை கிடக்கிறது என்று காட்டும் படங்களை அந்த அலுவலகம் மூன்று தலைமுறையாகத் துண்டு துண்டாக வரைந்து வைத்திருந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு ஷீட். ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஓர் ஆள். அவர் கூடாரத்தோடு போய், ஒரு பருவம் முழுக்க நடந்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, கையால் வரைந்து கொண்டுவருவார். ஒருவர் நீலம் தீட்டியதை அடுத்தவர் சாம்பல் தீட்டியிருப்பார். ஒருவர் ஒரே பாறை என்றதை இன்னொருவர் மூன்றாகப் பிரித்திருப்பார். இப்போது அத்தனையையும் கணினியில் ஏற்றி, கடற்கரையிலிருந்து மலைத்தொடர் வரைக்கும் ஒரே டிஜிட்டல் படமாக ஆக்கவேண்டும் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. முடிவு செய்வது மேலிடம், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்காருவது தையலம்மா. எல்லா அலுவலகங்களிலும் இதுதானே ஏற்பாடு.

ஷீட்டின் ஓரத்தை அங்கே 'வரப்பு' என்பார்கள். தொல்லையெல்லாம் வரப்பில்தான். இந்தப் பக்கம் நீலமாக வந்த பாறை வரப்பைத் தொட்டதும் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும், அந்தப் பக்கம் சிவப்பு தொடங்கிவிடும். பூமிக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற பழக்கம் கிடையாது. ஆகவே வரைந்த இருவரில் யாரோ ஒருவர் தப்பு, சில சமயம் இருவருமே தப்பு. பழைய ஆட்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். வரப்பு நெடுகக் கறுப்பாக ஒரு கோடு இழுத்து, இங்கே நிலம் பிளந்து நகர்ந்திருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். நிலம் நகர்ந்திருந்தால் பாறை பொருந்தாதுதானே. வரைந்த இருவரும் யோக்கியர்கள், பூமிதான் குற்றவாளி. பூமி வந்து சாட்சி சொல்லவா போகிறது? அப்படிப் பிறந்த பிளவுகளுக்கு 'ஆபீஸ் பிளவு' என்று பெயர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. தையலம்மா கடலிலிருந்து மலை நோக்கி ஒட்டிக்கொண்டு வந்த வருடங்களில் எத்தனையோ ஆபீஸ் பிளவுகளைக் கண்டுபிடித்து அழித்திருக்கிறாள். தன் கையால் ஒன்றுகூடப் போட்டதில்லை.

கடைசியாக ஒரே ஒரு வரப்பு மிச்சம் இருந்தது. அதைத் தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுவந்தவள் அவளேதான். அந்த வரப்புக்கு மேற்கே இருந்த ஷீட்டை வரைந்தவர் அவளுடைய கணவர். கிழக்கே இருந்ததை வரைந்தவர் மீசை.

மீசைக்கு வேறு பெயர் இருந்தது, ஆனால் அந்த மீசையைப் பார்த்தபின் யாருக்கும் அது நினைவில் நிற்கவில்லை. கணவரும் மீசையும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இரண்டு ஷீட்டும் அச்சாகி வந்தபோது நடுவில் சுண்ணாம்புப் பாறை பொருந்தவில்லை. மீசையின் ஷீட்டில் அது அகலமான நீலப் பட்டையாக வரப்புவரை வந்து நின்றது. கணவரின் ஷீட்டில் அது வரப்புக்கு முன்பே மெலிந்து மெலிந்து மறைந்துபோயிருந்தது. என் பக்கம் சரி என்றார் மீசை. என் பக்கம்தான் சரி என்றார் இவர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் நின்றதில் நட்பு போயிற்று. கல்யாண வீடுகளில் ஒருவர் முன்வரிசை என்றால் மற்றவர் பந்தியிலேயே இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அது ஓயவில்லை. "என் ஷீட்ல ஒரு கோடு தப்புன்னு நிரூபிக்கட்டும், ஒரு பக்கத்து மீசைய எடுத்துக்கறேன்" என்பார் கணவர், எடுப்பதற்கு மீசையே இல்லாத மனிதர்.

இப்போது அவருக்கு முழங்கால் அறுவை முடிந்திருந்தது. ஒரு காலத்தில் மலையை அளந்த கால்கள், கட்டிலிலிருந்து சமையலறை வாசல் வரைக்கும் நாலுகால் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு போய்வந்தன. மீதி நேரம் ஜன்னலோர நாற்காலி. ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் கற்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை மையில் எண். தினமும் மாலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும், தன் ஷீட்டுக்கு முறை வந்துவிட்டதா என்று. பெரிய படத்தில் தன் ஷீட் சரியானபடி உட்கார்ந்துவிட்டால், மீசை தோற்றுப்போனதாக ஊருக்கே தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்த ஆசையில்தான் மாத்திரையைக்கூட முகம் சுளிக்காமல் விழுங்கினார். அவளுக்கு அது தெரியும். அதனால்தான் பயந்தாள்.

அவள் அந்த ஷீட்டைத் தள்ளிப்போட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லவேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

அவள் அந்த அலுவலகத்தில் சேர்ந்தது படியெடுக்கிறவளாக. களத்திலிருந்து வருகிறவர்களின் பென்சில் ஷீட்டை ஒளிமேசையில் விரித்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, மை பேனாவால் கோடுகளை ஏற்றவேண்டும். கை நடுங்கக்கூடாது, மூச்சு விடுவதுகூட அளவோடு. அந்த மேசைக்குத்தான் ஒருநாள் இவர் வெயிலில் கறுத்த முகத்தோடு வந்து நின்று, தன் கோடுகளின் வளைவை அழகுக்காகத் திருத்தவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நடந்து வரைந்த கோடு நடுங்கத்தான் செய்யும், உட்கார்ந்து வரைந்த கோடுதான் வழுக்கும் என்றார். அது அந்த அலுவலகத்தின் பழைய பேச்சு, அவர் சொன்னபோது மட்டும் புதிதாகக் கேட்டது. அவருடைய நடுக்கங்களையெல்லாம் அப்படியே மை ஏற்றிக் கொடுத்தாள். கல்யாணத்தில் வந்து முடிந்தது.

மகள் வயிற்றில் இருந்தபோது அவர் அந்த ஷீட்டுக்காகக் களத்தில் இருந்தார். குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பாகவே வலி வந்துவிட்டது. அம்மா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைப்பாளா என்றுகூட ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தாள். மகள் பிறந்து, அவளும் பிழைத்து, வெயில் ஏறிய பிறகு அவர் வந்து நின்றார். முழங்கால்வரை சேறு, தாடி, ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது. எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்க, அவர் குழந்தையையும் பார்க்காமல் அவளையும் பார்க்காமல் நடுவில் இருந்த போர்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னது ஒரே வாக்கியம்.

"வேலை முடிஞ்சுது, வந்தேன்."

அந்த வாக்கியத்தை அவள் மன்னிக்கவில்லை. வேலை முடியாதிருந்தால் வந்திருக்கமாட்டீர்களோ என்று அப்போது கேட்கத் தெம்பில்லை. பிறகு கேட்காத நாளில்லை. நேராகக் கேட்கவில்லை, குத்தலாகக் கேட்டாள். பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அவர் தாமதமாக வந்தால், வேலை முடிஞ்சுதா என்பாள். விருந்தாளிகள் வந்திருக்கும்போது, நான் செத்தாலும் இவர் ஷீட்டை முடிச்சுட்டுத்தான் வருவார் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். வேறு எதற்கும் வரிந்துகட்டிக்கொண்டு பதில் சொல்கிற மனிதர், அந்த ஒரு குத்தலுக்கு மட்டும் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர்போல் உட்கார்ந்திருப்பார். குற்றம் உறைக்கிறது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவள் பிரசவ விடுப்பில் இருந்ததால் அந்த ஷீட்டுக்கு வேறொருத்தி மை ஏற்றினாள். திரும்பி வந்தபின் அதை எடுத்துப் பார்க்க அவளுக்கு மனமில்லை. சக்களத்தியை எதற்குப் போய்ப் பார்ப்பது?

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் சக்களத்தியையும் பார்க்கத்தானே வேண்டும். ஒருநாள் மதியம், நிறங்கள் அசையத் தொடங்கும் அந்த நேரத்தில், அவள் இரண்டு ஷீட்டையும் திரையில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கிழக்கிலிருந்து நீலம் பெருகி வந்து வரப்பில் முட்டி நின்றது. மேற்கே அதை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தை அடியில் போட்டுப் பார்த்தாள். மரம் மூடிக் கிடந்தாலும், வரப்பைத் தாண்டி மேற்கேயும் ஒரு வெளிறிய பட்டை போவதுபோல் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பட்டை மேற்கே போகத்தான் செய்தது.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். எல்லாம் முடிந்து இந்த ஒன்றுதானா என்று கேட்டார். வெளியீட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றார். பிறகு, சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒரு கோட்டைப் போட்டு மூடிவிட்டால் சாரும் சந்தோஷப்படுவார், மீசை சாரும் சண்டைக்கு வரமாட்டார் என்றார். கோடு என்றால் என்ன கோடு என்று இருவருக்கும் தெரியும். அவர் தன் அறைக்குப் போகும்வரை தையலம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக, வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓர் ஆபீஸ் பிளவை இழுத்தாள். எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் அவளுக்கு அதிர்ச்சி.

மாலைப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தலை கண்ணாடியில் சாய்ந்ததும் தெரு மெல்லிசாகிவிட்டது. மருந்துக்கடைக்குக் கீழே களிமண் தெரிந்தது, அதற்குக் கீழே மணற்பாறை, துணி தேய்க்கிறவர் வண்டி நிற்கிற இடத்துக்கு வெகு ஆழத்தில் அந்தக் கடல். பேருந்து கடலின்மேல் சத்தமில்லாமல் போயிற்று. திடீரென்று வரப்பு வந்தது, இரண்டு நிலங்களுக்கு நடுவில் தாள் நிறத்தில் ஒரு மெல்லிய வெள்ளைப் பாதை. அதில் அவள் நடந்தாள். மேற்குப் பக்கம் இளவயசு முதுகு ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. எங்கே போகிறது என்று பார்த்தால் அது வரப்பை நோக்கியே போகவில்லை, எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. ஏன் அந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்தபோது நடத்துநர் அவள் இறங்கும் இடத்தைச் சொன்னார்.

வீட்டில் அந்தக் கேள்வி காத்திருந்தது. ஷீட் உட்கார்ந்துவிட்டது என்றாள். அவர் முகம் மலர்ந்திருக்கவேண்டும். மலரவில்லை. எப்படி உட்கார்ந்தது என்று மட்டும் கேட்டார். நடுவில் ஒரு பிளவு என்றாள். அவர் ஜன்னல் கல் ஒன்றை எடுத்து, எண் இருந்த பக்கத்தைக் கீழே வைத்து, திரும்ப மேலே வைத்தார். சரி என்றார். அன்றைக்கு மாத்திரை கசந்தது போலிருக்கிறது, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார்.

மறுநாள் அவள் மூடின வேலையைத் திரும்பத் திறந்தாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கனவில் பார்த்த முதுகைக் காரணமாகச் சொல்லமுடியுமா? அச்சு ஷீட்டை விட்டுவிட்டு, அவர் கையால் வரைந்த களத்து மூலத்தின் படத்தையே பெரிதாக்கினாள். எத்தனையோ வருடங்கள் கழித்து அந்தக் கையைப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தெற்கே கோடுகளெல்லாம் நடுங்கின. ஓடையைத் தாண்டும் இடத்தில் தயங்கி, முள்ளைச் சுற்றிப்போய், பாறையைத் தட்டிப் பார்த்த ஒவ்வொரு இடத்திலும் பாறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பொடிசாக ஒரு சாய்வுக் குறி. இந்த மனிதர் காலால் யோசிக்கிறவர் என்று நினைத்துக்கொண்டே வடகிழக்கு மூலைக்கு வந்தாள்.

அங்கே கோடு வழுக்கியது. தயக்கமே இல்லாமல், சீராக, வில்லாக வளைந்து போய் மறைந்தது. ஒரு சாய்வுக் குறி இல்லை. அந்த ஷீட்டிலேயே அழகான கோடு அதுதான். அந்த மூலையில் அவர் தப்பாகப் பார்க்கவில்லை. பார்க்கவேயில்லை.

இது அவளுக்குச் சின்ன விஷயமல்ல. ஒரு கோடு தப்பு என்றால் மீசையை எடுக்கிறேன் என்கிற மனிதர், போகாத இடத்துக்குக் கோடு போட்டிருக்கிறார் என்றால், அவர் மானம் என்ன ஆவது? பெரிய படத்தில் ஒவ்வொரு கோடும் கணினிக்கு ஒரு பதில் சொல்லவேண்டும்: நடந்து பார்த்ததா, தூரத்திலிருந்து பார்த்ததா, ஊகமா. நடந்து பார்த்தது முழுக்கோடு, ஊகம் விட்டு விட்டுப் போகிற கோடு. ஆபீஸ் பிளவை வைத்துக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது. அவர் கடைசிவரை தலைநிமிர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கலாம். அவள் செய்த வேலையில் ஒரே ஒரு பொய், அதுவும் தாலி கட்டியவருக்காக. யார் குறை சொல்வார்கள்?

வரப்பு தகராறு என்றால், வரைந்தவர்கள் உயிரோடு இருக்கும் பட்சத்தில் இருவரையும் கேட்கவேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவள் மீசைக்குப் போன் போட்டாள். அவர் எடுத்தவுடன் குரலை அடையாளம் கண்டுகொண்டு, என்ன தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் கால் எப்படி இருக்கு என்றுதான் முதலில் கேட்டார். விரோதிக்குக் கால் விவகாரமெல்லாம் எப்படித் தெரியும் என்று அவள் ஆச்சரியப்பட்டாள். பிறகு வரப்பைப் பற்றிக் கேட்டாள்.

அந்தக் காலத்தில் வரப்பு நடை என்று ஒன்று இருந்தது அல்லவா என்று மீசை ஆரம்பித்தார். பருவம் முடிகிற வாரத்தில் பக்கத்துப் பக்கத்து ஷீட்காரர்கள் இருவரும் சந்தித்து, பொது ஓரத்தைச் சேர்ந்து நடந்து, கோடுகளை அங்கேயே பொருத்திக்கொள்வார்கள். ஓடைக்கரையில் சந்திப்பதாக இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மீசை போய்க் காத்திருந்தார். இவர் வரவில்லை. மறுநாளும் காத்திருந்துவிட்டு, கோபத்தோடு தனியாகவே வரப்பை நடந்து முடித்தார். சுண்ணாம்புப் பாறை தாண்டிப் போவதைக் கண்ணால் பார்த்தார்.

"அப்புறந்தான் சாமான் கொண்டுவர்ற ஜீப் டிரைவர் சொன்னான். உங்களுக்கு வலி வந்துடுச்சுன்னு அவன்தான் இவர்கிட்டப் போய்ச் சொல்லியிருக்கான். வந்த ஜீப் திரும்ப ஆத்தத் தாண்ட முடியல, வெள்ளம். ஜீப்புக்குக் காத்திருக்காம மனுஷன் அப்படியே நடந்துட்டாராம். கூடாரத்தக்கூட மடிக்கலையாம்."

அவள் போனை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு ஏன் அண்ணே இத்தனை வருஷம் சண்டை போட்டீர்கள் என்று கேட்டாள்.

"லீவு எழுதிக் குடுக்காம களத்த விட்டுப் போனா அப்ப வேலை போயிடும் தங்கச்சி. அவர் அந்தப் பக்கம் வரவேயில்லைன்னு நான் எப்படிச் சொல்ல? என் பக்கம் சரின்னு மட்டும் சொன்னேன். அவரும் என் பக்கம் சரின்னு சொல்லித்தானே ஆகணும். சொல்லிச் சொல்லியே ரெண்டு பேருக்கும் நெஜமாவே கோவம் வந்துடுச்சு."

போனை வைத்துவிட்டு அவள் இரண்டு ஷீட்டையும் திரும்பத் திரையில் கொண்டுவந்தாள். நிறங்கள் தாமாகவே அசைந்தன. வடகிழக்கு மூலையிலிருந்து ஒருவர் எதிர்த்திசையில் நடந்துபோவது தெரிந்தது. சேறு, வெள்ளம், அறுந்த செருப்பு, அறுந்த செருப்போடு எவ்வளவு தூரம் நடந்தாரோ. ஆஸ்பத்திரி வாசலில் சேற்றுக் காலோடு நின்றவரைப் பார்த்து ஓர் ஆயுளுக்கும் குத்திக்கொண்டே இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். பக்கத்து மேசைக்காரர் தும்மவில்லை, நல்ல மனிதர்.

அன்று மாலை அவர் எதுவும் கேட்கவில்லை. பிளவு என்று கேட்டதிலிருந்தே அவர் அப்படித்தான் இருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கழுவாமல், நேரே வந்து ஜன்னல் விளிம்பில் கற்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். அலுவலக விஷயமாக ஒரு கேள்வி என்றாள். வடகிழக்கு மூலைக் கோடு நடந்து பார்த்ததா, ஊகமா? கணினி கேட்கிறது, வரைந்தவர்தான் சொல்லவேண்டும்.

அவர் வெளியே பார்த்தார். தெருவில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், அந்த ஆள் மூலை திரும்பும்வரை பார்த்தார். பிறகு கைகளைப் பார்த்தார். அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் வழக்கம்போல என் பக்கம் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"வேலை முடியல" என்றார். "வந்துட்டேன்."

சமையலறையில் குழாய் சொட்டியது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கக்கூடாதா என்று அவள் கேட்டபோது குரல் கொஞ்சம் கோபமாகவே வந்தது. கோபம் நியாயந்தான்.

"உன்கிட்டச் சொன்னா நீ உங்க அப்பாகிட்டச் சொல்லுவ. அவர் பெருமையா ஊருக்கே சொல்லுவார். வேலை போயிருக்கும், கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணியிருப்போம்? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ கோவமா இருந்த. கோவமா இருக்கறவகிட்ட போய், உனக்காகத்தான் தப்பு பண்ணேன்னு எப்படிச் சொல்றது?"

அவளுடைய அப்பா உண்மையில் அப்படிப்பட்டவர்தான். மாப்பிள்ளை தும்மினால்கூட நாலு தெருவுக்குச் சேதி போகும். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. அவருடைய புதுமுழங்காலில் பட்டும்படாமலும் கையை வைத்தாள். ஊகம் என்று போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். எல்லாருக்கும் தெரிந்துவிடும், மீசைக்கும் தெரிந்துவிடும் என்றாள். மீசைக்கு எப்போதோ தெரியும் என்பதை இன்னும் சொல்லவில்லை. அதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஒரே நாளில் ஒரு மனிதர் எவ்வளவுதான் தாங்குவார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தன் ஷீட்டின் ஒவ்வொரு மூலையையும் மனசுக்குள் ஒருமுறை நடந்து வந்திருப்பார். "போடு" என்றார். "விட்டு விட்டே போடு."

மறுநாள் அவள் ஆபீஸ் பிளவை அழித்தாள். இழுத்ததைப்போலவே அழிப்பதும் சுலபமாகத்தான் இருந்தது. மீசையின் நீலத்தை வரப்பைத் தாண்டி மேற்கே விட்டாள், அது போகவேண்டிய இடத்துக்கு அதுவாகவே போவதுபோல் போயிற்று. ஓரத்தில் விட்டு விட்டு ஒரு கோடு. கடற்கரையிலிருந்து மலைவரைக்கும் இப்போது எங்கும் வெட்டு இல்லை. ஊகம் என்று கணினிக்குப் பதில் சொன்னாள். அது விடவில்லை, நடந்து பார்க்காததற்குக் காரணம் கேட்டது. வழக்கமாக அங்கே காடு என்றோ சதுப்பு என்றோ எழுதுவார்கள். அவள் சற்று யோசித்து, வரைந்தவர் வேறு இடத்தில் தேவைப்பட்டார் என்று எழுதினாள்.

சரிபார்க்க வந்த மேலாளர் அந்த மூலையில் வந்து நின்றார். காரணத்தை வாய்க்குள்ளேயே ஒருமுறை படித்தார்.

"வேற இடம்னா எங்கக்கா?"

"எம் பக்கத்துல, தம்பி" என்றாள் தையலம்மா, கண்ணாடியைத் துடைத்தபடி.